திருவிழிப்பு இரவின் பலகாரம்



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று அமெரிக்க அஞ்சல் முத்திரையைத் தாங்கியிருந்தது. எழுதியவர் நம் மறைமாவட்டத்துப் பங்கொன்றைச் சேர்ந்த தாய். மகன் வீட்டில் ஆறு திங்கள் தங்கிவரச் சென்றவர். கணவரை அடக்கம் செய்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. அக்டோபர் 31ஆம் நாள் மாலை பேரப்பிள்ளைகளின் தோழர் பதினைந்து பேருக்கு வீட்டில் ஹாலோவீன் விருந்து. இனிப்பு அன்று தெருத்தெருவாகக் கிடைத்துவிடும். ஆகவே உப்பும் காரமுமாக ஏதாவது செய்து தாருங்கள் அத்தை என்று மருமகள் கேட்கிறாளாம். "பேய் வேடம் போட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் பலகாரம் சுடுவதா, சாமி? அவர் போன வருடத்திலேயே வாசலில் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டு விருந்து வைப்பதா? மாட்டேன் என்றால் மருமகள் மனம் நோகும், சரி என்றால் என் மனம் நோகிறது" என்று முடித்திருக்கிறார்.

ஆகாது என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிடலாம். பல இடங்களில் அவ்வாறே விடையிறுக்கவும் படுகிறது. நமக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இரவு யாருடையது, அன்று எத்தகைய அடுப்பு எரிந்தது என்பதை அறிந்த பின்னரே ஆகும் ஆகாது என்று சொல்லுதல் முறை.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 'ஹாலோ' என்பது புனிதரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். 'ஈன்' என்பது மாலைப்பொழுது என்பதன் குறுக்கம். ஆக, சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்திய மாலை, திருவிழிப்பு என்பதே அதன் பொருள். உரோமையில் பந்தேயோன் என்னும் பழைய கோவிலைத் திருத்தந்தை நான்காம் போனிபாஸ் 609ஆம் ஆண்டளவில் கன்னிமரியாளுக்கும் மறைசாட்சியர் அனைவர்க்கும் நேர்ந்தளித்தார். அது மே திங்கள் 13ஆம் நாள். எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரியார் புனித இராயப்பர் பேராலயத்தில் எல்லாப் புனிதர்க்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835இல் நான்காம் கிரகோரியார் காலத்தில் நவம்பர் முதல் நாள் பிராங்கு நாடுகளெங்கும் திருநாளாயிற்று. குளூனி மடத்து அதிபர் ஒதிலோ பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் தம் மடங்களில் மறுநாளை இறந்தோர்க்கென ஒதுக்கினார். நாம் கல்லறைத் திருநாள் என்று மெழுகுதிரியும் மாலையுமாகக் கொண்டாடுவது அதன் வழிவந்ததே.

அயர்லாந்தில் அதே பருவத்தில் வேறொரு பழைய நாளும் இருந்தது. கால்நடைகளை மலை மேய்ச்சலினின்று இறக்கிக் குளிர்காலத்தைத் தொடங்கும் நாள். அந்நாட்டார் மொழியில் அதன் பெயர் ஏறத்தாழ 'சாவின்' என்று ஒலிக்கும். (நம் செவிக்கு அது வேறு ஏதோ சொல்வது போலிருக்கும், இரு மொழிக்கும் உறவு ஏதும் இல்லை.) இரண்டு நாள்களும் ஒன்றோடொன்று கலந்தன. எது எவ்வளவு கலந்தது என்று அறிஞர் வாதிட்டுக்கொண்டிருக்கட்டும். நமக்கு வேண்டியது அடுப்பங்கரைச் செய்தி.

நம் குருமட நாள்களில் 1917ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டுங்கால் 1252ஆம் விதி கண்ணில் படும். பெந்தெகோஸ்தே, தேவமாதா விண்ணேற்பு, சகல பரிசுத்தவான்கள், கிறிஸ்து பிறப்பு என்னும் நான்கு திருநாள்களின் திருவிழிப்பும் ஒருசந்தியும் சுத்தபோசனமுமாகும் என்பது அது. அதாவது, அக்டோபர் 31ஆம் நாள் இறைச்சி கூடாது. முழு உணவும் ஒரு வேளைதான். அந்தத் திருவிழிப்பு 1955இல் வழிபாட்டு நாட்காட்டியினின்று நீக்கப்பட்டது. ஒருசந்தி நாள்களை ஆறாம் பவுல் 1966இல் புதிதாக ஒழுங்குபடுத்தினார். எனவே இன்று அக்கடமை இல்லை. ஆனால் அயர்லாந்தின் இல்லத்தரசியர் நூற்றாண்டுகளாக இதற்குள்தான் சமைத்தார்கள். நாளோ கொண்டாட்ட நாள், பிள்ளைகள் காலை முதலே காத்திருப்பார்கள், இறைச்சியோ தொடலாகாது. தோட்டத்தில் கிழங்கும் கோசும் இருந்தன. தொழுவத்தில் பால் இருந்தது. மத்தில் வெண்ணெய் இருந்தது. விரதத்துக்குள்ளேயே விருந்து ஒன்று பிறந்தது. அயர்லாந்து நாட்டு வழக்கங்களைத் தொகுத்த கெவின் டானகர் என்பார் 1972இல் வெளியிட்ட நூலிலும் அந்த இரவின் உணவு இறைச்சியற்ற உணவாகவே காணப்படும். உப்புப் பலகாரம் கேட்ட அந்த மருமகள், தம்மையும் அறியாமல், பழைய வழக்கத்தின் பக்கமே நிற்கிறார் எனலாம்!

அந்த விருந்தின் தலைமைப் பண்டம் 'கோல்கேனன்'. வெண்தலைக் கோசு என்பது அப்பெயரின் பொருள் என்பர். மசித்த உருளைக்கிழங்கும் கீரையும் பாலும் வெண்ணெயும் சேர்ந்தது, எளிய பண்டம்தான். எளிய பண்டத்தைக் கெடுப்பதும் எளிது என்பதால், செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பதினைந்து பிள்ளைகளுக்கு, வேறு தின்பண்டங்களும் இருக்கையில், ஒன்றரைக் கிலோ கிழங்கு போதும். மாவுத்தன்மை மிக்க கிழங்காக இருத்தல் வேண்டும்; அமெரிக்கக் கடைகளில் 'ரசெட்' என்று கேட்டால் தருவார்கள். பச்சை படர்ந்த கிழங்கை நீக்கிவிடுக. சோலனின் என்னும் நச்சு அதில் மிகுந்திருக்கும், வேகவைத்தாலும் அது போவதில்லை. தோலோடு முழுதாக உப்பு நீரில் வேகவைத்தல் நன்று. நறுக்கி வேகவைத்தால் நீரைக் குடித்துச் சளசளத்துப் போகும். வெந்ததும் நீரை வடித்துவிட்டு, அதே பாத்திரத்தில் துணி போட்டு மூடி ஐந்து நிமிடம் வைத்தால் மிஞ்சிய ஈரம் ஆவியாகும். சூட்டோடு தோலுரித்து மத்தாலோ கரண்டியாலோ மசிக்கவேண்டும். மின்சார மிக்சியில் போடுதல் கூடவே கூடாது. அதன் அலகு கிழங்கின் அணுவறைகளைக் கிழித்து மாப்பொருளை வெளியே கொட்டிவிடும். பிறகு கிடைப்பது சுவரொட்டி ஒட்டும் பசைதான்.

மறுபுறம், 'கேல்' என்னும் சுருளிலைக் கீரை 400 கிராம் எடுத்து, தடித்த நடுநரம்பை நீக்கி, கொதிக்கும் உப்பு நீரில் மென்மையாகும்வரை வேகவைத்து, ஒட்டப் பிழிந்து, பொடியாக அரிந்துகொள்க. கேல் கிடைக்காவிடில் முட்டைக்கோசு போதும். பல அயர்லாந்து வீடுகளில் அதுவே வழக்கம். வெங்காயத்தாள் பத்துப் பன்னிரண்டை நறுக்கி 300 மி.லி. பாலில் இட்டு நாலைந்து நிமிடம் மெல்லக் காய்ச்சுக. அந்தப் பால் சுடச்சுட இருக்கும்போதே மசித்த கிழங்கில் சிறிது சிறிதாக ஊற்றி அடிக்கவேண்டும். குளிர்ந்த பால் ஊற்றினால் கட்டிதட்டும். பிறகு கீரை, உப்பு, வெள்ளை மிளகுத்தூள். பெரிய தட்டில் குன்றுபோல் குவித்து, உச்சியில் கரண்டியால் குழி பறித்து, 150 கிராம் வெண்ணெயை அதில் இட்டால் அது உருகிச் சிறு குளமாக நிற்கும். ஓரத்திலிருந்து எடுத்து அந்தக் குளத்தில் தோய்த்து உண்பது முறை. ஒரே தட்டைச் சுற்றிப் பிள்ளைகள் அமர்ந்து, எவன் கரையை முதலில் உடைத்து வெண்ணெயைத் தன் பக்கம் வழியவிடுகிறான் என்று சண்டையிடுவதும் அதன் ஒரு பகுதியே.

அந்தக் குவியலுக்குள் சில சிறு பொருள்களை ஒளித்து வைப்பார்கள். கணையாழி கிடைத்தவர்க்கு விரைவில் மணம். நாணயம் கிடைத்தவர்க்குச் செல்வம். தையற்காரர் விரலில் அணியும் உறை கிடைத்த பெண்ணும் பொத்தான் கிடைத்த ஆணும் மணமாகாமலே இருப்பர் என்பது விளையாட்டு. குறி பார்த்தல் பாவமாயிற்றே என்று கேட்பீர்கள். நம்பிச் செய்தால் பாவமே. மறைக்கல்வியில் அதற்கு இரண்டாம் கருத்தில்லை. கிழங்குக்குள் பொத்தானைக் கண்ட இளைஞனை வீடே சேர்ந்து நகைப்பதை நாம் குறி பார்த்தல் என்று எண்ணவில்லை. நமக்குள்ள கவலை வேறு. ஆறு வயதுப் பிள்ளை நாணயத்தை விழுங்கிவிடும். வைக்கத்தான் வேண்டுமென்றால் பெரிய நாணயமாகத் தேர்ந்து, கழுவி, எண்ணெய்த் தாளில் தடிப்பாகச் சுற்றி, பெரிய பிள்ளைகளின் தட்டில் மட்டும் வைக்கவும். சின்னஞ்சிறியோர்க்கு வேண்டவே வேண்டா.

இனி, அந்தத் தாயின் நெஞ்சை உறுத்தும் இடத்திற்கு வருவோம். இறந்தவர் ஒருவரின் நினைவு பசுமையாயிருக்கும் வீட்டில் இந்த உணவுக்கு இடமுண்டா?

அயர்லாந்தின் சில ஊர்களில் அன்றிரவு கோல்கேனனிலோ, அதன் தங்கையான 'சாம்ப்' என்னும் வெங்காயத்தாள் கிழங்கு மசியலிலோ ஒரு பங்கைத் தனித் தட்டில் எடுத்து அடுப்போரம் கரண்டியோடு வைத்துவிட்டு உறங்கச் செல்வார்கள். குடும்பத்தில் இறந்தோர் அன்றிரவு வீடு வந்து குளிர்காய்வர் என்பது நம்பிக்கை, நெருப்பையும் அணைப்பதில்லை. சிலர் அதை வனதேவதைகட்கென்று சொல்லிக்கொண்டனர். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டார் நவம்பர் முதல் நாள் 'பியாம்ப்ரே' என்றொரு குளிர்ந்த கூட்டுணவு செய்வர். காய்கறி, ஊறுகாய், பாலாடைக்கட்டி, இறைச்சி வகைகள் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் சேரும். குடும்பத்துக்குக் குடும்பம் கைப்பக்குவம் மாறும். கல்லறைத் தோட்டத்திற்கே எடுத்துச் சென்று உண்பாரும் உண்டு. இங்கிலாந்தில் ஆன்மாக்களின் பேரால் சிற்றப்பம் சுட்டு, வாசலில் வந்து பாடும் ஏழைகட்கும் சிறுவர்க்கும் கொடுத்தனர்; அது இனிப்பாதலால் இங்கே வேண்டா.

இறந்தோர் உண்ண வருவதில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கு நாம் அனுப்பக்கூடியவை பூசையும் செபமும் தருமமுமே என்பது திருச்சபையின் போதனை. ஆயினும் அடுப்போரம் கரண்டி வைத்த அந்தக் கிழவியை மூடநம்பிக்கைக்காரி என்று ஏசிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. அவளுடைய தட்டு எத்தகைய தட்டு என்று அறிந்தால் உங்களுக்கும் வராது.

1845ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு பூஞ்சை போன்ற நோய் அயர்லாந்தின் கிழங்கு வயல்களில் இறங்கியது. காலையில் பச்சையாய் நின்ற கொடி சில நாளில் கருகும். தோண்டினால் கிழங்கு கறுத்து அழுகி நாறும். ஏழைக் குடியானவர்க்குக் கிழங்கே காலையுணவு, கிழங்கே இரவுணவு. அதுவும் பெரும்பாலும் 'லம்பர்' என்னும் ஒரே வகைக் கிழங்கு. ஆகவே ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. 1846இல் விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. அதே ஆண்டுகளில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. பசியாலும் பசியைத் தொடர்ந்த காய்ச்சலாலும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டை விட்டே அகன்றனர். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகச் சுருங்கியது. ஸ்கிப்பரீன் என்னும் ஊருக்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் பெயரும் சிலுவையுமின்றிப் பொதுக்குழிகளில் புதைக்கப்பட்டோர் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பர்.

நம் மண்ணுக்கும் அந்த நாட்டுக்கும் அப்போதே உறவு உண்டு. அயர்லாந்தின் காணிக்கை அன்னை சபைக் கன்னியர் 1842இல் சென்னைப் பட்டணத்தில் வந்திறங்கிப் பெண்பிள்ளைகட்குப் பள்ளி தொடங்கினர். அவர்கள் வந்து மூன்றே ஆண்டுகளில், அவர்கள் பிறந்த ஊர்களில் இந்தப் பஞ்சம்.

அதன்பின் ஒவ்வோர் அக்டோபர் 31ஆம் நாளும் அயர்லாந்தில் வெண்ணெய் உருகும் கிழங்குக் குன்றைச் சுற்றி உட்கார்ந்தவர்கள், அக்கிழங்கு இல்லாமையால் செத்தவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும். அத்தகைய வீட்டில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. கப்பலேறித் தப்பியவர்கள் தங்கள் ஹாலோவீனை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர், ஸ்காட்லாந்துக்காரரும் கொண்டுசென்றனர். அங்கே அது வளர்ந்து, கடைத்தெருவுக்குப் போய், பிளாஸ்டிக் எலும்புக்கூடாகத் திரும்பி வந்து அந்தத் தாயின் வாசலில் தொங்குகிறது. எலும்புக்கூட்டை நமக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதன் பின்னால் நிற்கும் இரவு பேய்களின் இரவன்று. பட்டினியால் இறந்த தம்மவரை மறக்க மாட்டாதவர்களின் இரவு. துக்கம் காக்கும் கைம்பெண்ணுக்கு அங்கே இடமுண்டு. அவருக்கு அங்கே இருக்கும் உரிமை எலும்புக்கூட்டுக்குக்கூட இல்லை.

எனவே அந்தச் சகோதரிக்கு நாம் எழுதிய விடை, சமையுங்கள் என்பதே. சமைத்துவிட்டு விருந்துக் கூடத்தில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. ஓராண்டுத் துக்கம் திருச்சபைச் சட்டமன்று எனினும், மனத்துக்கு அதுவே ஒரு சட்டம். எலும்புக்கூட்டை இந்த ஓராண்டு மட்டும் எடுத்துவிடும்படி மருமகளிடம் நேராகக் கேளுங்கள் என்றும் எழுதினோம். மகன் வழியாகச் சொல்லி அனுப்பினால் அது புகாராகிவிடும். அத்தையே கேட்டால் மறுக்கும் மருமகள் அரியள். விருந்துக்கு முன், விளக்கேற்றும் வேளையில், பேரப்பிள்ளைகளை அழைத்துத் தாத்தா விரும்பி உண்ட பலகாரம் எது என்று சொல்லி, அதையும் ஒரு தட்டுச் செய்து, வருகிற பிள்ளைகளுக்கே கொடுக்கட்டும். முறுக்கோ தட்டையோ எதுவாயினும் ஆகுக. காரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்க. அவ்வூர்ப் பிள்ளைகள் மிளகாய்க்குப் பழகியிரார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேட்டறிய வேண்டும். வருகிற பிள்ளைகளுள் எவருக்கேனும் நிலக்கடலையோ முந்திரியோ எள்ளோ ஒவ்வாமையாகுமா என்பது அது. நம்மூரில் இதைப் பொருட்படுத்துவார் குறைவு. அங்கே ஒரு துண்டுக் கடலையால் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்படும் பிள்ளைகள் உள்ளனர். கடலை எண்ணெயில் பொரித்ததும் கணக்கில் வரும். 2014 முதல் அமெரிக்க வீடுகள் பலவற்றில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணிக்காயை வாசலில் வைக்கிறார்கள். இவ்வீட்டில் உண்பொருள் அல்லாத சிறு பரிசும் கிடைக்கும் என்று ஒவ்வாமையுள்ள பிள்ளைகட்கு அது அடையாளம். நல்ல வழக்கம். 1950இல் பிலடெல்பியா நகரில் ஒரு போதகர் குடும்பம், வாசல் வாசலாகச் செல்லும் பிள்ளைகள் மிட்டாயோடு ஐ.நா. குழந்தைகள் நிதிக்கும் காசு திரட்டச் செய்த வழக்கத்தையும் இதனோடு சேர்த்துச் சொல்லலாம். கடைக்காரர் கையில் சிக்கிய திருநாளிலும் இப்படி இரண்டொரு நல்ல மனம் நுழைந்துவிடுகிறது.

கோல்கேனன் ஒன்றே விருந்தாகாது. பிள்ளைகள் கையில் எடுத்துக் கடிக்க ஏதேனும் வேண்டும். அதற்கு 'பாக்ஸ்டி' இருக்கிறது. லீட்ரிம், மேயோ முதலிய அயர்லாந்து மாவட்டங்களின் கிழங்கு அடை என்றே இதைச் சொல்லலாம். அடை வார்த்துப் பழகிய கைக்கு இது எளிதில் வரும். பச்சைக் கிழங்கு அரைக் கிலோவைத் துருவி, துணியில் கட்டி, ஒரு கிண்ணத்தின்மேல் முறுக்கிப் பிழிக. பிழிந்த நீரைக் கொட்டிவிட வேண்டா. கால்மணி நேரம் வைத்தால் வெண்மையான மாப்பொருள் அடியில் படியும். மேல்நீரை மட்டும் வடித்துவிட்டு அம்மாவைத் துருவலோடு சேர்த்துவிடுக. அடை உடையாமல் பிடித்து நிறுத்துவது அதுவே. இதனோடு வேகவைத்து மசித்த கிழங்கு அரைக் கிலோ, மைதா 250 கிராம், உப்பு, சமையல் சோடா ஒரு சிறு கரண்டி, மோர் 250 முதல் 300 மி.லி. வரை சேர்த்து அடைமாவுப் பதத்தில் கலக்கி, தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி, உள்ளங்கையளவில் தடிப்பாக வார்த்து, மிதமான நெருப்பில் இருபுறமும் பொன்னிறமாக வேகவிடவும். நெருப்பு மிகுந்தால் மேல் கருகி உள்ளே பச்சைக் கிழங்கு வேகாமல் நிற்கும்.

பூசணியைப் பற்றியும் ஒரு சொல். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முகம் செதுக்கி விளக்கு வைத்தது தடித்த கிழங்கு முள்ளங்கி வகையில்தான். அமெரிக்கா சென்ற பின்னரே கையில் பரங்கிக்காய் அகப்பட்டது. அது அமெரிக்க மண்ணின் காய். நமக்கும் கடல் கடந்துதான் வந்தது. பரங்கியர் கொணர்ந்த காயாதலால் அப்பெயர். முகம் செதுக்கும் பெரிய காயில் நாரும் நீரும் மிகுதி, சுவை குறைவு; கறிக்கும் சூப்புக்கும் சிறிய இனிப்புப் பரங்கியே ஏற்றது. மெழுகுதிரி வைத்து வாசலில் இரவெல்லாம் நின்ற காயைச் சமைத்தல் கூடாது. ஆனால் செதுக்கும்போது வழித்தெடுக்கும் விதைகளை எறிந்துவிடுதல் வீண். கழுவி, உப்பு நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்து, துணியில் உலர்த்தி, சிறிது எண்ணெயும் மிளகுத்தூளும் பிசறி, அடுப்புப் பெட்டியில் 180 பாகைச் சூட்டில் இடையிடையே கிளறி 15 முதல் 20 நிமிடம் வறுத்தால், கொறிப்பதற்கு அதனினும் நல்லது இல்லை.

மருமகளுக்கும் ஒரு பங்கு வேலை விடவேண்டுமே! அவ்வூர்த் தாய்மார் அன்று சாசேஜ்களைப் பப்ஸ் மாவின் மெல்லிய நாடாக்களால் சுற்றி, கண்போல இரு புள்ளி வைத்து, எகிப்திய மம்மி என்று சுட்டுத் தருவார்கள். சவச்சீலை சுற்றிய பிணத்தைத் தக்காளிச் சாற்றில் தோய்த்துப் பிள்ளைகள் விழுங்குவது நம் கண்ணுக்கு விந்தையே. ஆயினும் சாவைக் கண்டு நடுங்கும் பிள்ளையைவிடச் சாவைக் கடித்துத் தின்னும் பிள்ளை நலமென்று விட்டுவிடலாம். சிறுவர்க்குச் சாசேஜை நீளவாட்டில் பிளந்தே கொடுக்கவேண்டும். உருண்டைத் துண்டு தொண்டையை அடைக்கும். 2025இல் போல அக்டோபர் 31 வெள்ளிக்கிழமையாக அமையும் ஆண்டுகளில் சாசேஜுக்குப் பதில் பாலாடைக்கட்டித் துண்டை வைத்துச் சுற்றலாம். 'டெவில்ட்' முட்டை என்ற பெயரைக் கேட்டும் அஞ்ச வேண்டா. வேகவைத்த முட்டையின் மஞ்சட்கருவைக் கடுகும் மிளகும் சேர்த்துப் பிசைந்து மீண்டும் நிரப்புவது. உறைப்புக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வைத்த விளையாட்டுப் பெயர். இலங்கை உணவு விடுதிகளில் 'டெவில்' என்று எழுதி விற்கும் காரப் பொரியலின் பெயரும் அவ்வழியில் வந்ததே. இதில் பசாசுக்குப் பங்கு ஏதுமில்லை.

மறுநாள் நவம்பர் முதல் நாள். அன்றுமுதல் எட்டாம் நாள்வரை கல்லறைத் தோட்டம் ஒன்றைச் சந்தித்து, இறந்தோர்க்காக மனத்தளவிலேனும் செபிக்கும் விசுவாசிகள், வழக்கமான நிபந்தனைகளாகிய பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்கான செபம் ஆகியவற்றோடு, இறந்த ஆன்மாக்களுக்கு ஒப்புக்கொடுக்கக்கூடிய பரிபூரணப் பலனை நாள்தோறும் பெறலாம். கணவரின் கல்லறை பல்லாயிரம் கல் தொலைவில் இருக்கிறதே என்று அந்தச் சகோதரி வருந்த வேண்டுவதில்லை. எந்தக் கல்லறைத் தோட்டமாயினும் போதும். பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லும்படி எழுதியிருக்கிறோம். முந்திய இரவு எலும்புக்கூட்டு வேடம் போட்டவனாயினும், உண்மைக் கல்லறையின் முன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, அங்கே பெயர் பொறித்துக் கிடக்கும் முன்பின் அறியாத ஒருவருக்காகவும், ஊரில் கிடக்கும் தாத்தாவுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லட்டும்.

பூசைக்குப் போய்வந்து பசியோடு உட்காரும் அந்தக் காலையில் மிஞ்சிய கோல்கேனன் பயன்படும். இரவே மூடிக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். உள்ளங்கையளவில் தட்டி, மைதாவில் புரட்டி, தோசைக்கல்லில் வெண்ணெயிட்டுச் சுட்டு, மேலே ஒரு முட்டை பொரித்து வைத்துக் கொடுக்கலாம். ஓரம் நன்கு மொறுகும்வரை திருப்பக் கூடாது. முந்தித் திருப்பினால் உடைந்துவிடும். கணையாழி எதுவும் உள்ளே மிஞ்சியிருக்கிறதா என்று தட்டுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்க.